கிளம்பாத வேனின் டிரைவர்

"டீசல் இஞ்சினப் பத்தி பொம்பளப் புள்ளைக்கு இன்னா தெரியும்? போய் உக்காரும்மா," என்றார் மாரிகுப்பம் வேன் டிரைவர். நரைத்த மீசை, கழுத்தில் மஃப்ளர். ஸ்டியரிங்கைத் தட்டி, "கிளம்புடா ராஜா" என்று சொல்லித்தான் சாவி திருப்புவார். பனிக்காலத்தில் ராஜா கிளம்பாது. எங்களை இறக்கித் தள்ளச் சொல்வார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தவள். அன்று தள்ள மறுத்தேன்.

"ஹீட்டர் பிளக் போயிருக்குங்க. அது உள்ள சூடேத்தினாத்தான் குளிர்ல டீசல் பத்தும்."

பானட்டைத் திறந்து, ஒயரைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கிலும் டெஸ்ட் பல்பை வைத்தேன். நல்ல பிளக் என்றால் பல்பு எரியும்; நான்கில் மூன்றுக்கு எரியவில்லை.

"உன் பல்புதான் கெட்டுப்போச்சு," என்று பிடுங்கி, பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. பல்பை என்னிடமே நீட்டினார்.

"சரி, எந்த மெக்கானிக்கைக் கூட்டினு வரலாம்?" என்றார்.

அந்த மனிதரை என்னவென்று சொல்வது! அதற்குள் ஸ்பேனரை எடுத்து முதல் பிளக்கைக் கழற்றியிருந்தேன்.