நாற்பத்தொரு கட்டங்கள்

போன வாரம் என் மகனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பேத்தி குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டாள். மொத்தமாகப் பார்த்தால் அவள் அப்பாவின் முகம். விரலால் விரித்துப் பார்த்தால் அத்தனையும் எங்கள் வீட்டுப் புகைப்படங்கள். இதற்கென்று ஒரு ஆப் இருக்கிறதாம், ஒரு நிமிஷ வேலையாம். நான் மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன். அவளுடைய பூனை பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. நான் ஆறே இடத்தில், அதுவும் அவன் இடது காதுக்குள். கேட்டால், "தாத்தா, ஜூம் நக்கோ! சும்மா பாருங்க" என்கிறாள். நக்கோ என்றால் வேண்டாம், எங்கள் ஹைதராபாத் பேச்சு. சும்மா பார்க்க எனக்கு வராது. சின்ன வயதிலும் வராது. அதனால் ஒரு மனிதருக்கு நேர்ந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஆறு பேர். ஆறாவது ஆள் சித்தப்பா. அப்பாவுடைய ஆபீசிலேயே குமாஸ்தா, கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் திரும்பும்போது செகந்திராபாத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இறங்கி, வீணாய்ப்போன படங்களை ஒரு கவரில் வாங்கி வருவார். கண் மூடினவை, ஆடிப்போனவை, கறுத்தவை, வெளுத்தவை. அவற்றை ஒரு அங்குலச் சதுரமாக, முகம் மட்டும் இருக்கும்படி வெட்டி, பிளைவுட் பலகையில் மைதாப் பசையால் ஒட்டி நீராவி இஞ்சின் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஆண்டு விழாவில் மாட்டுவதாக ஏற்பாடு.

அகலத்தில் நாற்பத்தெட்டு, உயரத்தில் முப்பத்தாறு. மொத்தம் ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. வெட்டின முகங்களைக் கறுப்பு வெளுப்பு பார்த்து ஐந்து பிஸ்கெட் டின்களில் பிரித்துப் போடுவது என் வேலை. "முகத்தைப் பாக்காதேடா. கறுப்பா வெளுப்பா, அதை மட்டும் பாரு" என்று சித்தப்பா தினமும் சொல்வார். அதை மட்டும் பார்க்க முடியுமா?

செய்தி பரவி, குவார்ட்டர்ஸில் எல்லாரும் தங்கள் படத்தையும் கொண்டுவந்தார்கள். வெள்ளைப் படங்கள் புகைக்கு, கறுத்த படங்கள் இஞ்சினுக்கு. ஆனால் அத்தனை பேருக்கும் புகையில்தான் இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் தன் முகத்தைக் கண்டுபிடித்துக் கத்தினாள். "சக்கரத்துலயா என் மூஞ்சி? நக்கோ பாபு, பொகையில வைய்யி!" சித்தப்பா சிரித்துக்கொண்டே, "சக்கரம் இல்லைன்னா வண்டி ஓடுமா அக்கா?" என்றார். அந்த வேலை நடந்த நாலு மாதமும் அவர் சிரித்தபடியேதான் இருந்தார். ஏன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை, ஹெட்கிளார்க் பார்க்க வந்தார். அப்பா நாற்காலி போட்டார். அம்மா காப்பி கொடுத்தாள். மொத்தம் எத்தனை படம் என்று ஹெட்கிளார்க் கேட்டது சித்தப்பாவைத்தான். பதில் சொன்னது நான்.

"ஆயிரத்து எழுநூத்தி இருபத்தெட்டு சார்."

"அரே, எண்ணினியா நீ?"

"முகத்தையும் எண்ணினேன் சார். மீசை முன்னூத்திப் பன்னெண்டு. கண் மூடினவங்க இருநூத்தி நாலு. இந்த அக்கா மட்டும் நாப்பத்தோரு இடத்துல."

ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். புகையில், கரியில், சக்கரத்தில், விளக்குக்குப் பக்கத்தில். ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கிற அதே முகம். ஹெட்கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இது அந்த ஸ்டுடியோவில வேலை பாக்கிற பொண்ணுல்ல? போலாரம் பஸ்ல வருமே. ஹவ், அதேதான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஹெட்கிளார்க் போனபிறகு அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனும் தம்பியும் பேசினார்கள். கதவில் இரண்டு விரல் இடுக்கு உண்டு.

"ஒரு தடவை அவங்க வீட்டுல வந்து பேசுங்கண்ணா. உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கும்."

"ஊர்ல ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க. அது வேதக்கார வீட்டுப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவங்க. நடக்கிற பேச்சா பேசு. முதல்ல அந்தப் படத்தையெல்லாம் எடு. இன்ஸ்டிட்யூட்ல மாட்டினா ஊரே எண்ணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா ஈரத்துணியை ஒவ்வொரு சதுரத்தின் மேலும் வைத்து, பசை ஊறியதும் பிளேடால் நெம்பி எடுத்தார். காயப்போடும் வேலையை எனக்குக் கொடுத்தார். நான் சும்மா காயப்போடவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசையாக அடுக்கினேன். முதல் படத்தில் முகம் இருப்பதே தெரியாது, அவ்வளவு வெள்ளை. கடைசிப் படத்தில் கண்ணின் வெண்மை மட்டும் தெரியும். இடையில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு பிடி கறுப்பு. நாற்பத்தொரு படத்துக்கும் நாற்பத்தொரு நிறம். ஸ்டுடியோக்காரர்கள் ஒரே ஆளை இத்தனை தடவை கெடுத்து, இவ்வளவு காகிதத்தை வீணாக்கியிருக்கிறார்களே என்று சித்தப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

தானாகக் கெட்டுப்போகிற படம் இப்படி ஒழுங்கான வரிசையில் கெட்டுப்போகாது. சித்தப்பாவுக்குப் படம் கழுவத் தெரியாது. யாரோ ஒருத்தி இருட்டறையில் நின்று, தன் நெகடிவையே வெளிச்சத்தில் பிடித்து, படம் ஒரு பிடி கறுக்க ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி கூட்டிக் கூட்டி எண்ணியிருக்க வேண்டும், இவருக்கு எந்த இடத்தில் எந்த நிறம் தேவைப்பட்டாலும் தான் இருக்கும்படியாக. இவ்வளவு எளிய கணக்கு எனக்குப் பிடிபட எத்தனையோ வருஷங்கள் ஆயின.

சித்தப்பா அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துவிட்டு, படங்களை ஒரு கவரில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இஞ்சினில் நாற்பத்தொரு ஓட்டைகள். "நீயே அடைச்சிடுடா" என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. ஓட்டையைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களின் நிறத்தையும் பார்த்து, டின்களைக் கவிழ்த்துத் தேடி, பொருந்துகிற முகமாக எடுத்து ஒட்டினேன். பசை வழியாமல் துடைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. முடித்ததும் வாசற்படி வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். புகை புகையாகவே இருந்தது, கரி கரியாகவே இருந்தது. அந்த அக்கா எங்கெங்கே இருந்தாள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓடிப்போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"பாருங்க சித்தப்பா, எடுத்தது ஒண்ணுமே தெரியலை!"

"ஆமாண்டா" என்றார். "ஒண்ணுமே தெரியலை."

பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். பாராட்டுகிற மனிதர் ஏன் இஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், என் வேலையில் எந்தக் கட்டம் சரியில்லை என்று அன்று முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன்.