எஞ்சின் கவரை அடித்த பேனா

1

முப்பத்தொரு வருடம் மோட்டார் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தேன். எழுதிய பாலிசிகள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்றைப் பற்றி மட்டும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காசிம் பாய் தண்டையார்பேட்டையில் என் தெருக்காரர், நாலு வீடு தள்ளி. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். மனைவிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் குலுங்கிப் போய்வந்து அந்தம்மாவுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அதனால் ரிடையர்மெண்ட் பணத்தில் புதுக் கார் எடுத்தார்.

ஷோரூம் கொடுத்த கொட்டேஷனில் ஐந்து வரி. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மூன்று வருட தர்டு பார்ட்டி, அது சட்டம். நம் வண்டிக்கு அடிபட்டால் ஓன் டேமேஜ், ஒரு வருடம். பாகம் மாற்றும்போது தேய்மானம் கழிக்காமலிருக்க பம்பர் டு பம்பர். எஞ்சின் பழுதுக்கென்று தனியாக எஞ்சின் கவர். வண்டி திருடுபோனால் பில் விலையே கிடைக்க இன்வாய்ஸ் கவர்.

"இன்னா ஏஜெண்டு, இம்மாம் நீளமா கீது? கொறச்சுப் போடேன்."

பாய் கேட்டது குறைச்சல். எனக்கு வேண்டியது, ஷோரூமுக்குப் போகாமல் என்னிடமே பாலிசி. கடைசி இரண்டு வரியையும் பேனாவால் அடித்தேன். "புது வண்டி பாய், எஞ்சினுக்கு என்ன ஆயிடப் போவுது?" என்றேன்.

2

நாலாம் மாதம் பெருமழை. பம்பர் வரை தண்ணீர். அன்று டயாலிசிஸ் நாள். பாய் சாவியைத் திருப்பினார், வண்டி எடுக்கவில்லை.

எங்கள் தெருவில் எந்த வண்டி நின்றாலும் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வந்து கை வைப்பார்கள். அன்று ஏழு பேர். ஏழாவது ஆள் நான்.

"பாய், நீ உள்ள குந்து. ரெண்டாவது கியர் போடு. நான் சொல்லும்போது கிளட்ச்ச வுடு," என்றான் ஆட்டோ சேகர்.

"வண்டி புச்சுடா!"

"புச்சுன்னா தள்ளுனா ஓடாதா? ஏஜெண்ட் சார், தடவிக் குடுக்காத, தள்ளு!"

மூன்றாவது தள்ளலில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் தண்ணீர் குடித்து, உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அந்தம்மாவை மீன்பாடி வண்டியில் உட்காரவைத்து மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனோம்.

3

ஒர்க்ஷாப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் சேதம் பார்க்க வருவதற்கு முன், "வண்டி சும்மா நின்னுதுன்னு மட்டும் சொல்லு பாய்," என்றேன்.

"தண்ணியில ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்றார் சர்வேயர்.

"மூணு தபா தள்ளிப் பாத்தோம் சார்."

"யார் தள்ளினாங்க?"

"தெருக்காரங்க."

என் பேரைச் சொல்லவில்லை.

சீட், கார்பெட், ஒயரிங் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. எஞ்சினுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், அதற்கென்று தனி கவர் இருந்தால்தான் கிடைக்கும். நான் அடித்த வரி அது. பாய் வண்டியை இருந்தபடியே விற்றார். அந்தம்மா மறுபடி ஆட்டோவில் போகிறாள்.

எஞ்சினுக்குப் பணமில்லை என்று கம்பெனி எழுதிய லெட்டரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் படித்து மடித்தார்.

"இன்னா கீதுன்னு சொன்ன. இன்னா இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே, ஏஜெண்டு."

ஆகவே தம்பிகளே, இல்லாததை முதலில் சொல்லுங்கள். வண்டி தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதே, தள்ளாதே, கட்டி இழுத்துப்போகிற டோ வண்டியைக் கூப்பிடு என்று சொல்லுங்கள். அடித்த வரிக்குப் பக்கத்தில் வாங்குகிறவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான் இப்படிச் செய்ய ஆரம்பித்ததும் பத்தொன்பது பேர் ஷோரூமுக்கே போய்விட்டார்கள். போகட்டும். அதற்கு முன் நான் வரி அடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பழைய டைரிகளை எடுத்து எண்ண உட்கார்ந்தேன். இரண்டாவது டைரியிலேயே மூடிவைத்துவிட்டேன்.