கனாப்–பேஜ் பாதை: டூரில் இல்லாத இடது திருப்பம்

கடந்த ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் மூன்று பேர், அப்பா, அம்மா, நான், அமெரிக்காவின் பாலைவனப் பள்ளத்தாக்குகளைக் காரில் பார்த்துவிட்டு வந்தோம். லாஸ் வேகாசில் இருக்கும் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். அவ்வளவு தூரம் டிக்கெட் எடுத்துப் போய்க் கல்யாணச் சாப்பாட்டோடு திரும்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதனால் கடைசி நான்கு நாட்களுக்கு ஒரு கார் எடுத்தோம். வழிகாட்டி யாரும் இல்லை. போனில் இறக்கி வைத்த ஒலி டூர் ஒன்றுதான் வழிகாட்டி.

நீங்களும் அந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைக் கடைசி வரை வாசியுங்கள். குறிப்பாக, யாராவது உங்களுக்கு அங்கே ஒரு "ரகசிய ரோட்டு" இருப்பதாகச் சொல்லியிருந்தால்.

ஒலி டூர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்கிறேன். பதினேழு டொலர். மொத்தம் முப்பத்தொரு நிறுத்தங்கள். கார் எங்கே போகிறது என்பது போனுக்குத் தெரியும். ஒரு மலைக்குப் பக்கத்தில் வந்ததும் ஓர் ஆணின் குரல் தானாகவே அந்த மலையைப் பற்றிப் பேசத் தொடங்கும். "இன்னும் அரை மைலில் வலது பக்கம் நிறுத்துங்கள், மூன்று நிமிடம் போதும்" என்றெல்லாம் சொல்லும். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. ஆகவே முழுவதையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போக வேண்டும்.

இங்கேதான் நான் பிழை விட்டேன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு அம்மா வைஃபை பெட்டியைச் சுவரிலேயே அணைத்துவிடுவார். என் போனை ஒன்பதரைக்கே கொடுத்துவிட வேண்டும். அன்று நான் கொடுக்கவில்லை. போர்வைக்குள் வைத்து டூரை இறக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நான்கு சதவீதத்தில் பத்து மணி ஆகிவிட்டது. மறுநாள் விமானம். "பாதிதான் வந்தது" என்று சொன்னால், "பத்து மணிக்குப் போன் ஏன் உன்னட்டை இருந்தது?" என்று கேட்பார்கள். சித்தி வீட்டில் மிச்சத்தை இறக்கலாம் என்று நினைத்தேன். அங்கே கல்யாணத்துக்கு வந்த நாற்பது பேரும் அதே வைஃபையில் இருந்தார்கள். பிறகு மறந்தே போனேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை 7.10க்குப் புறப்பட்டோம். கார் நான்கு நாளைக்கு 312 டொலர், சிறிய வெள்ளைக் கார். அம்மா கடையில் நான்கு தேசிக்காய் வாங்கி வந்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். வாடகைக் காருக்கு எதற்கு என்று கேட்டேன். "கார்தான் வாடகை, நாங்கள் வாடகையோ?" என்றார்.

அப்பா லண்டனில் பதினெட்டு வருடமாகப் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் விநியோகிக்கும் வான் ஓட்டுகிறார். வலது பக்கம் ஓட்டுவது மட்டும்தான் புதிது. முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு சந்தியிலும் அம்மா "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அப்பா, "நீர் கொஞ்சம் பேசாமல் இருந்தால் நான் இடப்பக்கத்தை மறந்திடுவன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் முதல் பள்ளத்தாக்கு வந்தது. ஆறு அறுத்த மலைகளுக்கு நடுவே நெடுஞ்சாலை வளைந்து வளைந்து ஏறியது. குரல் ஆர்வமாகப் பேசியது. ஆனால் வேகமாகவும், நடுநடுவே பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டும் பேசியதில் அம்மாவுக்குப் பாதி பிடிபடவில்லை.

"என்ன இவன், வாய்க்குள்ளை கதைக்கிறான்."

"நிப்பாட்டு பிள்ளை," என்றார் அப்பா. "நீ காதிலை போட்டுக் கேள். கேட்டிட்டு எங்களுக்குத் தமிழிலை சொல்லு. பதினொரு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏன் கொண்டுபோய் விட்டனான்?"

அப்படித்தான் நான் டூராக மாறினேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. மணற்கல், படிவு, அரிப்பு எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். பதினேழு நிறுத்தங்கள் அப்படிப் போயின.

கனாப் என்ற சின்ன ஊரில் மதியம் சாப்பிட்டோம். வேகாசிலிருந்து சுமார் இருநூறு மைல். அங்கே கடிகாரம் வேகாசைவிட ஒரு மணி நேரம் கூடக் காட்டும், கவனியுங்கள். பெற்றோலை அங்கேயே நிரப்புங்கள். அடுத்த ஊரான பேஜ் எழுபத்து நான்கு மைல் தள்ளி இருக்கிறது, இடையில் கடைகளை நம்பிப் போக முடியாது. எங்களுக்கு 38 டொலர் ஆனது.

கனாப்பைத் தாண்டி இருபது மைலுக்குப் பிறகும் பதினெட்டாம் நிறுத்தம் வரவில்லை. காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. போனைப் பார்த்தேன். சிக்னலும் இல்லை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"இந்த மலை முந்திக் கடலுக்கு அடியிலை இருந்ததாம்" என்றேன்.

பள்ளியில் புவியியல் படித்தது கைகொடுத்தது. சிவப்பு ஏன் சிவப்பு, வெள்ளை ஏன் வெள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பேஜ் வரும்வரை இப்படியே சமாளித்துவிடலாம் என்று நம்பினேன். அப்பா கேட்டார்: "அடுத்து எங்கை நிப்பாட்டிறது? ஒண்டும் சொல்லேல்லையே அவன்."

சற்று முன்னால், தண்ணீர் இறைக்கிற துருப்பிடித்த காற்றாடி ஒன்று நின்றது. அதைத் தாண்டி இடது பக்கம் ஒரு மண் பாதை பிரிந்தது. ஒரு நிமிடம் போனால் நின்று படம் எடுக்கிற இடம் ஏதாவது இருக்கும், பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன்.

"காத்தாடிக்கு அங்காலை இடப்பக்கம் திரும்பட்டாம்."

மணி 2.25. திரும்பிய இடத்தில் ஒரு பலகை. ஈரமானால் இந்தப் பாதையில் போக முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். அப்பாவும் வாசித்திருப்பார். "டூர்க்காரன் சொன்னால் ரோட்டு சரியாத்தான் இருக்கும்" என்றார். ஒரு நிமிடத்தில் எந்த இடமும் வரவில்லை. ஐந்து மைல் போனோம். "இன்னும் எவ்வளவு தூரமாம்?" "கிட்டவாம்."

அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வளைவில் பாறைகள் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு கோடாகச் சரிந்து நின்றன. அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பதினோராவது மைலில் பாதை ஒரு காய்ந்த ஆற்றுக்குள் இறங்கியது. முன் சக்கரங்கள் மணலில் புதைந்தன. அப்பா பின்னுக்கு எடுத்தார், இன்னும் இறங்கியது. லண்டனில் பனிக்குச் செய்வதுபோலக் கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். அவை மணலோடு மணலாகப் போயின. எங்களிடம் மூன்று போத்தல் தண்ணீரும் சித்தி கட்டித்தந்த இறைச்சி ரோல்ஸும் இருந்தன. வடக்கே தூரத்தில் மேகம் கறுத்திருந்தது.

"டூர்க்காரனுக்குப் போன் அடிக்க ஏலுமோ பார்," என்றார் அப்பா.

"சிக்னல் இல்லை அப்பா."

"அப்ப அவன் என்ன சொல்லுறான், கேள். மண்ணிலை புதைஞ்சால் என்ன செய்யிறது எண்டு சொல்லியிருப்பான்."

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பொய் இருக்கவில்லை. "அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். டூர் சொன்னதாக அந்தப் பாதையில் வைத்து நான் சொன்னவற்றில் ஒரே உண்மை அதுதான்.

இரண்டு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. அம்மா நிழலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். 5.05க்கு மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தன் வண்டியில் வந்தார். எதுவும் கேட்காமல் சங்கிலியை எடுத்து மாட்டினார். இருபது நிமிடத்தில் கார் மேலே வந்தது. பிறகுதான் கேட்டார், இந்தக் காரில் இந்தப் பாதைக்கு யார் வரச் சொன்னது என்று.

"டூர்," என்றார் அப்பா.

அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். அப்படிச் சொல்லும் டூர்க்காரர்களிடம் தான் முறைப்பாடு செய்வதாகவும், அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டும்படியும் கேட்டார். சார்ஜ் முடிந்துவிட்டது என்றேன். பாதிக்கு மேல் இருந்தது.

அவர் அந்தக் காய்ந்த ஆற்றைக் காட்டிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இங்கே வெயில் எரிக்கும்போதே இருபது மைலுக்கு அப்பால் பெய்த மழை இதற்குள் சுவர்போல வரும். ஓட நேரம் இருக்காது. ஏப்ரல் என்பதால் பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் இங்கே கார் புதைந்தால், காரை விட்டுவிட்டு முதலில் மேட்டில் ஏற வேண்டும்.

காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா கொடுத்த ரோல்ஸில் ஒன்றைக் கடித்து, உறைப்பில் கண்கலங்கி, இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். 6.10க்குப் பெரிய ரோட்டுக்கு வந்தோம். முப்பத்தைந்து நிமிடம் ஓடிப் பேஜுக்கு வந்தபோது அங்கே கடிகாரத்தில் 5.45. மாநில எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் குறைகிறது. "பார்த்தியே, நேரம் ஒண்டும் வீணாகேல்லை" என்றார் அப்பா. அம்மாவும் நானும் சிரித்தோம். எனக்குச் சிரிக்கும்போதே அழுகை வந்தது, தூசி என்று சொன்னேன்.

மண் பாதையில் ஓட்டக்கூடாது என்று கார் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே மறுநாள் காலை பன்னிரண்டு டொலருக்குக் காரைக் கழுவிவிட்டு அப்பா சொன்னார்: "ரெண்டு பேரும் கேளுங்கோ. புதைஞ்ச கதை ஒருத்தருக்கும் வேண்டாம்."

அவர் சொன்னபடியே நடந்தார். லண்டனுக்கு வந்ததிலிருந்து கோடு போட்ட அந்த வளைவைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் சொல்கிறார். படம் காட்டுகிறார். டூரிலேயே திறமான இடம் அதுதான் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஹரோவிலிருந்து அப்பாவின் நண்பர் குடும்பம் வந்தது. ஆறு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள். வருகிற புதன்கிழமை அதே பக்கம் போகிறார்கள். இது ஜூலை. அப்பா கடித உறை ஒன்றின் பின்பக்கம் காற்றாடியைக் கீறி, இடது பக்கம் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

ஐந்து நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று பள்ளியிலிருந்து வரும் வழியில், ஸ்டேஷன் வாசலில் நின்று அந்த நண்பரின் மனைவிக்கு, அன்ரிக்கு, போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வைஃபை, பொய், மணல், மழை.

"நாங்கள் போகமாட்டம் பிள்ளை அந்த ரோட்டுக்கு," என்றார் அன்ரி. "அங்கிளிட்டைச் சொல்லிப்போட்டு அந்தக் கடித உறையைக் கிழிக்கிறன். நீ அழாதை."

"அப்பாட்டைச் சொல்லப் போறியளோ அன்ரி?"

"அது உன்ரை அலுவல். ஆனால் ஒண்டு கேக்கிறன். கொப்பர் எங்களுக்கு மட்டுமோ கீறிக் குடுத்தவர்?"

தெரியாது. வேலையிடம், கோயில், கல்யாண வீடுகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பெட்டி அணைந்துவிட்டது. மாடியில் யாராவது நடந்தால் போனைத் தலையணைக்குள் வைக்கிறேன். காலையில் அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போவார். காரில் நாங்கள் இருவர் மட்டும்தான், பத்து நிமிடம். சொல்லப்போகிறேன். என்ன சொல்வார் என்று பயமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு சின்னப் பிள்ளைகளும் அங்கே போகமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, இன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பேஜ் ஹோட்டலில் நான் மிச்ச டூரையும் இறக்கிக் கேட்டேன். உண்மையான பதினெட்டாம் நிறுத்தம் வலது பக்கம், ரோட்டோரத்திலேயே இருக்கிறது. செம்மலைகள் நீளத்துக்குத் தெரியும். மூன்று நிமிடம் போதும். நல்ல டூர்தான், தாராளமாக வாங்குங்கள். நூறு சதவீதமும் இறங்கியதா என்று பார்த்து, போனை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, கடைசி நிறுத்தம் பேசுகிறதா என்று வீட்டிலேயே போட்டுக் கேளுங்கள். ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர் எடுங்கள். எந்த மண் பாதையில் இறங்குவதற்கும் முன் கனாப்பில் உள்ள தகவல் நிலையத்தில் கேளுங்கள், அங்கே இருப்பவர்களுக்கு அன்றைய மழையைப் பற்றித் தெரியும். காரில் பிள்ளை ஒன்று மொழிபெயர்த்துக்கொண்டு வந்தால், இடைக்கிடை அதன் காதில் இருப்பதை வாங்கி நீங்களும் கேளுங்கள்.

பாண் வான் ஓட்டும் ஒருவர் உங்களுக்குக் காற்றாடி கீறிக் கொடுத்திருந்தால், அது என் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படிச் சொன்னது நான். இடது பக்கம் திரும்ப வேண்டாம். நேரே போங்கள்.