காயாத சிவப்பின் மேல் ஒரு பொட்டு

எங்கள் லாரி ஆபீஸ் மேனேஜருக்கு விரலில் ஒட்டவில்லை என்றால் பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அவருடைய ஞானம் அவ்வளவுதான்.

முதலாளி தன் முதல் லாரியை விற்றும் மறக்காதவர். லீவு நாளில் நான் சின்னச் சின்ன வண்டிகள் செய்வது தெரிந்து, பழைய போட்டோவைக் கொடுத்து, மேசைமேல் வைக்கிற அளவில் செய்து தரச் சொன்னார். அதுவரை என்னிடம் யாரும் வண்டி கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரைகுறையாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. கண்ணாடிபோல மின்னாத வண்டி என் கையைவிட்டுப் போகாது.

போட்டோவில் இருந்ததுபோல் சிவப்பு. எனாமல் பெயிண்டை டப்பாவில் இருக்கிறபடியே பூசினால் பிரஷ் கோடு நிற்கும். டர்பன்டைன் அதிகமானால் வழிந்து, பளபளப்பும் போய்விடும். பால் பதத்துக்குக் கரைத்து மெல்லிசாகப் பூச வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற அரியலூர்த் தெருவில் எங்கள் வீடு. தூசி படியாமல் வண்டிமேல் குண்டானைக் கவிழ்த்து மூடினேன்.

"வூடு பூரா நாத்தம், இதுல குண்டான் வேறயா?" என்றாள் அம்மா.

அந்த நாற்றம்தான் எனக்குக் கணக்கு. மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். அடியில் இளகியே இருக்கும். மோந்து பார்த்தால் துளி வாசம்கூட வரக் கூடாது. வந்தால் இறுகவில்லை.

ஆயுத பூஜைக்கு முதலாளி பார்க்க ஆசைப்பட்டார். வாசம் போகவில்லை, இருந்தாலும் அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். "பாருங்க, தொட வேணாங்க" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "ஒரு பொம்மைக்கு இவ்ளோ பவுசா? பட்டறையில ஹார்டனர ஊத்துனா சாயங்காலம் வண்டி ரோட்டுக்கு வந்துரும்."

"அந்த இறுக்குற மருந்து வேற பெயிண்டுக்கு, சார்."

"எல்லாம் பெயிண்டுதாம்மா."

டிரைவர்களுக்குப் பொரி கொடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர் என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். என் லாரியின் பானெட்டிலும் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார், மேலே குங்குமம்.

"புது வண்டியில்ல? பொட்டு வைக்காம வுடலாமா?"

பஞ்சால் துடைத்தேன். சந்தனம் போனது, அடியில் விரல் ரேகை நின்றது. என் அப்பா எழுத்து தெரியாததால் கைநாட்டு வைக்கிறார். இவர் டிகிரி முடித்துவிட்டு வைக்கிறார்.

"லட்சணமாத்தான் இருக்கு. இங்கயே வெச்சிட்டுப் போம்மா" என்றார் முதலாளி. மேனேஜர் வைத்த பொட்டைவிட அந்தப் பாராட்டு எனக்குக் கேவலமாக இருந்தது. ரேகையும் பளபளப்பும் ஒன்றாகத் தெரிகிற கண்ணுக்கா நான் இத்தனை நாள் பூசினேன்?

"இப்படித் தர மாட்டேங்க" என்று பெட்டியில் எடுத்து வைத்தேன்.

"கோவத்தப் பாரு! காத்து பட்டா தானா சமமாயிரும்" என்றார் மேனேஜர். பதில் சொல்லத் தகுந்த பேச்சா அது? டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முழுதாக இறுகவிட்டு, உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ரேகை போனபின் மறுபடி பூசினேன். "காஞ்சிதாம்மா?" என்று முதலாளி கேட்கும்போதெல்லாம், "மோந்து பாத்துட்டு சொல்றேங்க" என்றேன். வாசம் அடியோடு போனபிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, திருகாணி முடுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மேனேஜர் அந்தக் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். வைக்கட்டும். துடைத்தால் போகும்.