செக்கிங் சார் பார்க்காத இடம்

முப்பத்தோரு வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர் அவர். ஓய்வு பெற்றும் தெருவில் அவருக்குச் செக்கிங் சார் என்றுதான் பெயர். பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி எழுபத்தோரு வயதில் ஆடக் கிளம்பினார். நூலக மாடியில் எட்டு முதியவர்கள் சேர்ந்து நாட்டிய நாடகம் போட, ஒரு பெண் அதைப் படமெடுத்தாள். முதுமையின் அழகைக் காட்டப் போகிறாளாம். செக்கிங் சார் நம்பவில்லை. வயசானவர்கள் தடுமாறுவதைக் காட்டி ஊரைச் சிரிக்க வைக்கத்தான் இந்தத் தேன் ஒழுகும் பேச்சு என்று முடிவே கட்டிவிட்டார். மனைவியைப் பார்த்து யாராவது சிரித்தால் அவரால் தாங்க முடியாது. ஆகவே தினமும் மதியம் சாப்பிட்ட கையோடு ஒத்திகைக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும், இரண்டாவது சுற்றில் அம்மா தினமும் நின்றுவிடுகிறாரே என்று நட்டுவனார் கவலைப்பட்டது அவர் காதில் விழுந்தது. அந்த இடம் படத்தில் கட்டாயம் இருக்கும் என்றாள் அந்தப் பெண். செக்கிங் சாருக்குச் சுருக்கென்றது. அவர் கண்ணுக்கு மனைவி ஒருதடவைகூட நின்றதில்லையே. கூட்டுச் சேர்ந்து கதை கட்டுகிறார்கள்!

"நான் இமைக்காம பார்த்துட்டிருக்கேன். அவ எங்கே நின்னாம்மா? காட்டு. இல்லேன்னா அந்த எடத்த வெட்டு."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். மனைவி சுழன்று திரும்பினார். கை உயர்த்தியபடியே நின்றுவிட்டார். பார்வை கடைசி வரிசையில் இருந்தது. அடுத்த காட்சியில் கடைசி வரிசை வந்தது. தலை சாய்ந்து, வாய் பிளந்து, ஒருவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்களின் முழி செக்கிங் சாருக்கே வந்துவிட்டது.

"தெனமுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தெனமுந்தான்," என்றார் மனைவி. "போன வருஷமும் நாற்காலியில தூங்குறீங்கன்னுதான் நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வேண்டியதாச்சு. உங்க நெஞ்சு ஏறி எறங்குறது தெரிஞ்சாத்தான் எனக்கு அடுத்த அடி வருது."

வெட்டிவிடட்டுமா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்மா, இருக்கட்டும்," என்றார் செக்கிங் சார். ஊர் சிரித்தால் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கும். அது அவருக்குப் பரவாயில்லை.