பெட்டியின் மேற்பக்கத்துத் துளை

ஒக்னியான் மாட்டிய மின்பெட்டிகள் எங்கள் ஊர்ச் சுவர்களில் இருநூற்றுக்கும் மேல் இருக்கும். கருங்கடல் காற்று உப்பை வாரி அடிக்கிற ஊர். வெளிச்சுவரில் பெட்டி மாட்டுவது இங்கே லேசுப்பட்ட வேலை இல்லை. திருகு துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும், எறும்பு நுழையாத இடத்திலும் தண்ணீர் நுழையும். பதினோரு வருடம் நான் அவனுடைய கூட்டாளி. அவன் ஏணியில் நிற்பான். நான் கீழே பிடித்துக்கொண்டு கேபிளை மேலே தள்ளுவேன்.

வேலை முடிந்ததும் மின்வாரியத்திலிருந்து பரிசோதனைக்குத் துஷேவா வருவாள். பெட்டியின் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, கதவைத் திறந்து, உள்ளே காகிதத்தால் துடைத்துப் பார்ப்பாள். காகிதம் நனைந்தால் கையெழுத்து கிடையாது.

பல் டாக்டர் வீட்டுப் பெட்டியை அப்படித்தான் கையெழுத்துப் போடாமல் திருப்பினாள்.

"மேஸ்திரி, கேபிள் ஏன் மேல வழியா உள்ள போகுது?"

"சிலிகான் அடைச்சிருக்கேனே மேடம்."

"சிலிகான் ரெண்டு வருஷம் தாங்கும். மழை அதுக்கப்புறமும் பெய்யும். கழட்டுங்க. கீழ துளை போட்டுக் கேபிளை வளைச்சுக் கொண்டாங்க."

கழற்றி மாட்டினான். அன்று காபிக் கடையில், "அந்தம்மா வீட்டுல புருஷன் மேல ஊத்த முடியலைன்னு என் பெட்டி மேல ஊத்துது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மே மாதம் ரூமியானாவின் ரொட்டிக்கடைக்குப் பெட்டி மாட்டினோம். கூரையிலிருந்து இறங்கிய கேபிள் பெட்டியின் தலைக்கு நேரே வந்து நின்றுவிட்டது. கீழ் வழியாகக் கொண்டுவர நீளம் பற்றவில்லை. புதுக் கேபிள் வாங்கி இழுக்க அரை நாளாவது ஆகும். அன்றுதான் அவன் மகள் தெமெனுகா பள்ளிப் படிப்பை முடித்ததற்கான விருந்து. மூன்று மணிக்கு வாசலில் மேளக்காரர்கள் வந்துவிடுவார்கள். தெருவே கூடி நிற்கும்.

"இப்போதைக்கு மேலயே விட்டுடுவோம். திங்கக்கிழமை சரி பண்ணிக்கலாம்" என்றான். நான் ஏணியை மடித்தேன்.

திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. துஷேவாவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. அவளே போன் செய்தாள்.

"என்னால வர முடியாது மேஸ்திரி. ரொட்டிக்கடை திறக்கணும்னு அவங்க அவசரப்படுறாங்க. படம் எடுத்து அனுப்புங்க. உங்க வேலைன்னா நம்பலாம்."

பல் டாக்டர் வீட்டுப் பெட்டியின் படத்தை அனுப்பினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலையில் ஆலங்கட்டி மழை கொட்டியது. கேபிள் வழியே இறங்கிய தண்ணீர் பெட்டிக்குள் தேங்கியது. காலையில் மின் அடுப்பு அணைந்துபோக, ரூமியானா வெளியே வந்து, பெட்டியின் ஈரமான இரும்புக் கதவைத் தொட்டாள். தூக்கி எறியப்பட்டாள். உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை. மாவு பிசைகிற கை அது.

விசாரணையில் துஷேவா ஊன்றுகோலோடு வந்து நின்றாள். "நான் நேர்ல போகல. படத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது" என்றாள்.

அதிகாரி ஒக்னியானைப் பார்த்தார். "படத்துல கேபிள் கீழ இருக்கு. இப்ப மேல இருக்கே?"

"எனக்கப்புறம் கூரை வேலை செஞ்சவங்க யாராவது மாத்தியிருக்கலாம், சார்."

துஷேவா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெளியே வந்து அவன் சிகரெட் பற்றவைத்தான்.

ஒரு வாரம் கழித்து ரூமியானாவைப் பார்க்கப் போனோம். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவை இடது கையால் வெட்டி எங்கள் முன் வைத்தாள்.

"அந்தக் கையெழுத்துப் போட்டவளைக் கடைவீதியில பாத்தேன். மூஞ்சிக்கு நேரா காறித் துப்பிட்டேன். நீயாவது வந்து விசாரிக்கிறியே தம்பி."

ஒக்னியான் வாயில் போட்ட துண்டைக் கைக்குட்டையில் துப்பினான்.

"அக்கா, அந்த அம்மா எதுவும் செய்யல. மேல துளை போட்டது நான். படம் வேற வீட்டோடது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு விருந்துக்கு ரொட்டி என் வீட்டு அடுப்புல நான்தானேடா சுட்டுக் குடுத்தேன்" என்றாள். பிறகு, "வெளிய போ."

அங்கிருந்து நேரே மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்தான். நடந்ததை எழுதிக் கொடுத்தான். அவன் உரிமம் போயிற்று, வழக்கும் வந்தது. துஷேவாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனபோது, கதவைப் பாதி மட்டும் திறந்தாள்.

"எழுதிக் குடுத்துட்டீங்க, சரி. அதுக்காக நான் உங்களை உக்கார வெச்சுக் காபி குடுக்கணும்னு எதிர்பார்க்காதீங்க."

இப்போது ஒக்னியான் துறைமுகத்தில் தானிய மூட்டை ஏற்றுகிறான். ரொட்டி வாங்க அடுத்த தெருவுக்குப் போகிறான். தெமெனுகா விஷயம் தெரிந்த நாளில் விருந்துப் படங்களைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

எழுதிக் கொடுத்த தாளில் அவன் என் பெயரைக் குறிப்பிடவில்லை. என்னை யாரும் விசாரிக்கவும் இல்லை. என் உரிமம் என்னிடமே இருக்கிறது. பெட்டிகளை நான்தான் மாட்டுகிறேன். துஷேவாதான் வந்து தண்ணீர் ஊற்றுகிறாள். போன வாரம் காகிதத்தைக் காய்ந்தபடியே எடுத்துக் காட்டி, "உங்க வேலை சுத்தம், மேஸ்திரி" என்றாள். நான் குனிந்து ஏணியை மடித்தேன்.