இடுப்புக்கூடு

இடுப்புக்கூடு என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? எங்களுக்கு இடுப்பு என்றால் குடம் வைக்கிற இடம், புடவை செருகுகிற இடம், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிற இடம். அதற்குள் எலும்பால் ஒரு கூடு இருக்கிறது, அது உடைந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்பதைக் குமணன்சாவடியில்தான் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் லாரி இடித்து என் வீட்டுக்காரர் பைக்கோடு விழுந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நம் ஜனங்களைக் குறை சொல்ல முடியாது, ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஷேர் ஆட்டோவில் அவரை உட்காரவைத்தார்கள்.

"ரத்தமே வர்லக்கா, ஒண்ணியும் ஆவாது. பயப்படாம குந்து," என்றார் ஆட்டோக்காரர். நம்பினேன். அந்த நேரத்தில் யார் சொன்னாலும் நம்பியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் வீட்டுக்காரர் அலறினார்.

ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்ததுமே டாக்டரின் முகம் மாறியது. "இடுப்புக்கூடு உடைஞ்சிருக்கு. ரத்தம் வெளிய வராதும்மா, உள்ளயே கொட்டும். இவரை யாரு உக்கார வச்சுக் கூட்டி வந்தது?" எல்லாரும் நல்ல மனசோடு செய்ததுதான்.

உடைந்ததைச் சேர்த்துப் பிடிக்க அவரைச் சுற்றி ஒரு பெட்ஷீட்டைக் கட்டினார்கள். ஆள் போதவில்லை. ஒரு முனையை நர்ஸ் பிடித்தார், மறுமுனையை என் கையில் கொடுத்தார்கள். நான் அதை அவர் வேட்டி கட்டுகிற இடத்தில் வைத்தேன்.

"அங்க இல்ல. இன்னும் கீழ, தொடை சேர்ற இடம். இழுங்க. அவர் என்ன சொன்னாலும் விடாதீங்க," என்றார் டாக்டர்.

இழுத்தேன். என்னை ஒரு நாளும் அதட்டிப் பேசாத மனுஷன் கெஞ்சினார். "அவுத்து வுடும்மா. கையெடுத்துக் கும்புடுறேன்." நான் இன்னும் இறுக்கினேன். பிறகு திட்ட ஆரம்பித்தார். "நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா? என்னைக் கொல்லத்தான் வந்துகீற." அழுதுகொண்டே இறுக்கினேன். எனக்கு வேறு வழி இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதும் திட்டிக்கொண்டேதான் போனார். கதவு மூடியது. உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டவரைக்கும் தைரியமாக நின்றேன். திடீரென்று அதுவும் நின்றுவிட்டது. மயக்க மருந்தாகத்தான் இருக்கும், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் ஒரு வார்த்தை திட்டுங்க, ஒரே ஒரு வார்த்தை என்று கதவைப் பார்த்துக் கெஞ்சினேன்.